இடைத்தேர்தல் வீண்செலவு என்று சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய கட்சியே இன்னொருவரை நியமித்துக்கொள்ளட்டும், இடைத்தேர்தல் எல்லாம் வீண்செலவு என்று வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். நெகிரி செம்பிலானில் உள்ள எங்கள் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியின் காப்பிக் கடைகளிலும் இதே பேச்சு காதில் விழுகிறது. பட்டணத்தில் இருப்பவர்களுக்கு அது சரியாகப் படலாம். தோட்டத்தை ஒட்டி வாழ்கிற எங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு எங்கள் பக்கத்து மக்கள் எதற்குப் போகிறார்கள் என்று பார்த்தால் புரியும். சமூகநல உதவிக்கு மனு, பிள்ளையின் மேற்படிப்புக்கு ஆதரவுக் கடிதம், கோயிலுக்கு மானியம், தமிழ்ப்பள்ளிக் கூரைக்கு ஒரு பரிந்துரை. தோட்டத்தில் இருந்தவரைக்கும் எல்லாவற்றுக்கும் நிர்வாகத்திடம் போய் நின்றோம். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டை விட்டுத் தாமானுக்கு, அதாவது வெளியே உள்ள குடியிருப்புப் பகுதிக்கு, வந்த பிறகு போய்ச் சொல்ல இருக்கும் ஒரே வாசல் அந்தச் சேவை மையம்தான். பழுப்பு உறையில் அடையாள அட்டை நகலையும் மின்கட்டண ரசீதையும் வைத்துக்கொண்டு மலாயில் கடிதம் எழுதத் தெரியாத பெரியவர்கள் அங்கே காத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். ஒய்பி (சட்டமன்ற உறுப்பினரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) இல்லையென்றால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட ஆள் இல்லை.

தேர்தல் ஆணையம் காலியிடத்தை உறுதிப்படுத்திய 60 நாளுக்குள் இடைத்தேர்தல் நடக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சட்டமன்றத்தின் தவணை முடிய இரண்டு ஆண்டுகூட இல்லையென்றால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடலாம். ஆளும் தரப்பின் பெரும்பான்மை பாதிக்கப்படுகிறது என்று சபாநாயகர் எழுதிக் கொடுத்தால்தான் தேர்தல். அதாவது அரசாங்கத்தின் எண்ணிக்கைக்கு ஆபத்து வந்தால் தேர்தல் உண்டு, மக்களுக்கு ஆள் இல்லாமல் போனால் கிடையாது. செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இடைத்தேர்தலின் அருமை ரந்தாவுக்கு நன்றாகவே தெரியும். 2018 பொதுத்தேர்தலில் வேட்புமனு நாளன்று நுழைவு அனுமதி அட்டை இல்லை என்று பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராமை மனுத்தாக்கல் மையத்துக்குள் விடவில்லை. எதிர்த்து நின்ற பாரிசான் நேஷனல் கூட்டணியின் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவித்துவிட்டார்கள். எங்களுக்கு ஓட்டுப் போடவே வாய்ப்பில்லாமல் போனது. தேர்தல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்ய, 2019 பிப்ரவரியில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமும் அதையே நிலைநிறுத்தியது. ஏப்ரல் 13-இல் இடைத்தேர்தல். மறுநாள் சித்திரைப் புத்தாண்டு என்பதால் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் எப்படியும் வீட்டுக்கு வரவேண்டியிருந்தது. ஏறக்குறைய 79 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். முகமட் ஹசானே 4,510 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். அதே ஆள்தானே வந்தார், பிறகு எதற்குச் செலவு என்று சிலர் கேட்டார்கள். நாங்கள் போட்ட ஓட்டில் வந்தார் என்பதுதான் வித்தியாசம். எனக்கு அது பெரிய வித்தியாசம்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மனக்குறை இடைத்தேர்தல் மேல் கிடையாது, அந்த இரண்டு வாரத்தில் வாயால் மட்டுமே தரப்படும் வாக்குறுதிகள் மேல்தான்.

செராமா என்ற பிரச்சாரக் கூட்டத்தில் வாக்குறுதி கொடுப்பது பெரும்பாலும் வேட்பாளரே இல்லை. எங்கிருந்தோ வரும் அமைச்சர்களும் கட்சித் தலைவர்களும்தான். 2019-இல் ஒரு கூட்டத்தில் வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர், மழை பெய்தால் தண்ணீர் சாலைக்கு ஏறும் எங்கள் கால்வாயைப் பற்றி யாரோ காதில் சொன்னதும், மைக்கைப் பிடித்தபடியே "முடித்துக் கொடுத்துவிடுவோம்" என்றார். கைதட்டினோம். அவர் எங்கள் தொகுதிக்காரர் இல்லை, எங்கள் மாநிலத்துக்காரரும் இல்லை. ஓட்டு எண்ணி முடித்த பிறகு அவரை எங்கே போய்த் தேடுவது? வென்றவரிடம் கேட்டால் நான் சொல்லவில்லையே என்பார், அதுவும் நியாயம்தான். எந்தக் கட்சி என்று நான் எழுதப் போவதில்லை, எல்லாத் தரப்பும் இதைத்தான் செய்கிறது.

இப்படிச் சொல்வதால் தேர்தல் நேரத்தில் எதையுமே அறிவிக்கக் கூடாது என்று தடை கேட்பவர்களோடு நான் சேர்ந்துவிடவில்லை. 2024 மே மாதம் சிலாங்கூரில் கோலகுபு பாரு இடைத்தேர்தலையொட்டி நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார் உட்பட ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்களுக்கு வீட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இருபது வருடத்துக்கும் மேலாகப் போராடிய குடும்பங்கள் அவை. அது தேர்தல் லஞ்சம், வாங்காதீர்கள் என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது? நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தொகுதியில் இடம் காலியாகாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் காத்திருப்பார்களோ என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஒருவர் இறந்தால்தான் நம் கோப்பு நகர வேண்டுமா?

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். இடைத்தேர்தலில் யார் எதை அறிவித்தாலும் அன்றே எழுத்தில் வர வேண்டும். எந்த அமைச்சின் பணம், எவ்வளவு, எப்போது தொடங்கும் என்பது அதில் இருக்க வேண்டும். வேட்பாளர் அதில் கையெழுத்திட வேண்டும். வென்றவர் சட்டமன்றத்தில் முதன்முதலாகப் பேசும்போது அந்தத் தாளை வாசித்து அவைக்குறிப்பில் ஏற்ற வேண்டும். அவைக்குறிப்பில் ஏறிவிட்டால் அடுத்து வருபவரும் மறுக்க முடியாது. சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தாமான் குடியிருப்பாளர் சங்கம், கோயில் நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூன்றும் சேர்ந்து ஒரு தாளை நீட்டினால் எந்த வேட்பாளரும் பிரச்சார நேரத்தில் மறுக்க மாட்டார்.

அப்புறம் நம் பக்கத்துக் குறையும் உண்டு. பேராக் மாநிலத்தின் ஆயர் கூனிங் சட்டமன்றத் தொகுதியில் 2025 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 58 விழுக்காட்டினர்தான். 18 வயதானாலே தானாகப் பெயர் பதிவாகும் முறை வந்த பிறகு பட்டியல் நீண்டுவிட்டது, அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். இருந்தாலும் வெளியூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பொதுத்தேர்தலுக்கு வருவதுபோல் இடைத்தேர்தலுக்கு வருவதில்லை. பஸ் டிக்கெட் செலவு, ஓவர்டைம் இழப்பு எல்லாம் எனக்கும் தெரியும். வாக்களிக்கப் போதிய நேரம் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று தேர்தல் குற்றச் சட்டமே சொல்கிறது. தைரியமாகக் கேளுங்கள். பெற்றோர்களும் "நீ வராவிட்டால் பரவாயில்லை" என்று போனில் சொல்லாதீர்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து எந்தத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தாலும், தோட்ட மக்களுக்கு யார் எந்த மேடையில் என்ன சொன்னார்கள் என்பதைத் தேதியோடு ஒரு பட்டியலாகப் போடுங்கள். ஒரு வருடம் கழித்து அதே பட்டியலை மறுபடி அச்சிட்டு, எது முடிந்தது, எது கிடக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் வட்டாரத்துக்கு ஆள் தேவைப்பட்டால் விவரம் சேகரித்து அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரந்தாவ், நெகிரி செம்பிலான்.