நான்காம் பக்கம்

உ
சிவமயம்

புரட்டாசி 20

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது.

இங்கு நானும் உன் ஆத்தாவும் நலம். அவளுடைய முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. அக்காவும் பேரனும் ஆயுத பூஜைக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். நம் ஊருணியைத் தூர் வாரிச் சீரமைக்கக் கேட்டு நீ எழுதி அனுப்பிய கருத்துரு வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. அது வந்ததிலிருந்து நீ ஆத்தாவிடம் மட்டும் பேசுகிறாய், அதுவும் நான் கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் உன் அழைப்பு வருகிறது என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை; உனக்குப் படிப்பு வேலை இருக்கும். கருத்துருவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒன்றிய அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டு கருத்துருக்களையும் மனுக்களையும் படித்துக் கோப்பில் சேர்த்தவன் நான். பெரும்பாலானவை 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடியும். எதைச் செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும், எவ்வளவு செலவாகும், செய்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு வரிகூட இராது. உன்னுடையதைப் படித்தபோது, இப்படி ஒன்று என் மேசைக்கு வந்திருந்தால் அன்றே மேலே அனுப்பியிருப்பேன் என்று தோன்றியது. ஆத்தாவையும் உட்காரவைத்து இரண்டாம் பக்கத்தை வாசித்துக் காட்டினேன்.

கூரைக் கணக்கை நீ போட்டிருக்கும் விதம் மிகவும் நன்றாக இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் என்று தொடங்கி, நம் வீட்டுக் கூரை 500 சதுர மீட்டர், ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர், ஓட்டில் ஊறியும் தெறித்தும் போவது போக எண்பது விழுக்காடு கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டு, ஒரு வீட்டிலிருந்து மட்டும் 3,60,000 லிட்டர் என்று முடித்திருக்கிறாய். அதற்குக் கீழே, 12,000 லிட்டர் லாரியில் முப்பது லாரித் தண்ணீர் என்று ஒரு வரி சேர். வாசிக்கும் அதிகாரியும் கோடையில் லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுத்தவராகத்தான் இருப்பார். அப்பத்தா முதல் மழையை அப்படியே வெளியே ஓடவிட்டு, கூரை கழுவிய பிறகுதான் தூம்பு வாயில் வேட்டித் துண்டைக் கட்டி அண்டாவை வைப்பார்கள் என்பதையும், அண்டா நிரம்பியபின் வளவு முற்றத்தில் விழும் தண்ணீர் தெருக்காலுக்கும் அங்கிருந்து ஊருணிக்கும் போகும் என்பதையும் மறவாமல் எழுதியிருக்கிறாய். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயமானபோது, நம் ஊரில் பல வீடுகளில் இது கட்டும்போதே இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்த செய்தியை முதல் பக்கத்திலிருந்து எடுத்துப் பின்னால் வை. பாரம்பரியம் என்று தொடங்கினால், இது சுற்றுலாத் துறைக்குப் போக வேண்டியது என்று குறிப்பெழுதி அனுப்பிவிடுவார்கள். நானே அப்படி அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், அளந்த அளவுகள் இருக்கட்டும். அளந்ததை மட்டும் எழுது.

நீ பேசிய நாற்பது வீடுகளில் முப்பத்திரண்டு வீடுகள் நம் மூன்று தெருக்களில் இருக்கின்றன. அங்கே பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதும், கல்யாணத்துக்கும் அறுபதாண்டு நிறைவுச் சாந்திக்கும் மட்டுமே திறப்பதும் உனக்குத் தெரியும்; திறந்திருக்கும் வீடுகளிலோ ஆழ்குழாயும் மோட்டாரும் உண்டு. ஊருணி நிரம்பாமல் போனதால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் மேற்குத் தெருவுக்கு அப்பால் இருக்கிறார்கள். அவர்களில் எட்டுப் பேரிடம் மட்டும் பேசிவிட்டு 'ஊர் மக்களின் கருத்து' என்று தலைப்பிட்டிருப்பது சரியில்லை. உன்னைப் போன்ற படித்த பிள்ளை அப்படிச் செய்யலாமா? அடுத்த முறை வரும்போது அங்கே இரண்டு நாள் முழுக்கச் செலவிடு. ஊருணி எந்த ஆண்டிலிருந்து நிரம்பவில்லை என்று வயதானவர்களிடம் கேள். அவர்கள் சொல்லும் ஆண்டையும் சொல்லும் காரணத்தையும் திருத்தாமல் எழுது.

உன்னிடம் முதலில் வரப்போகும் கேள்வி, குழாய் வந்த பிறகு ஊருணி எதற்கு என்பதுதான். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள் என்பதை எடுத்துக்காட்டுவார்கள். தொலைவிலிருந்து வரும் தண்ணீர் ஒரு குழாய் உடைந்தால் நின்றுபோகும் என்று வாயால் சொன்னால் போதாது. ஊருணி நிரம்பினால் சுற்றியுள்ள கேணிகளில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்பதை ஓர் ஆண்டு மாதந்தோறும் அளந்து காட்ட வேண்டும். நம் கேணி, கோயில் கேணி, பள்ளிக்கூடத்துக் கேணி மூன்றிலும் கயிறு விட்டு ஆடி மாதத்திலிருந்து நான் அளந்து வருகிறேன்; அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஊருணி நீரைக் குடிக்கலாம் என்று ஏழாம் பக்கத்தில் எழுதியிருப்பதை அடித்துவிடு. சோதனைக்குக் கொடுத்து, குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500-இன்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள், ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா, கிருமி உண்டா என்று பார்த்த பிறகு எழுது. அளக்காததை எழுதாதே.

தூர் வாருவதற்கு இரண்டு மீட்டர் ஆழம் என்று போட்டிருக்கிறாயே, அது எப்படி வந்தது? அடியில் இருக்கும் களிமண் படுகைதான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. பொக்லைனை இறக்கிவிட்டு அதைக் கிழித்துவிட்டால் தேங்கும் நீர் தங்காது. நான்கு இடத்தில் குழி எடுத்து, வண்டல் எங்கே முடிகிறது என்று பார்த்து, அந்த ஆழத்தைக் குறிப்பிடு. செலவுக் கணக்கைப் பொதுப்பணித் துறையின் விலைவிகிதப் பட்டியலை வைத்துப் போடு. ஒப்பந்தக்காரர் சொன்ன தொகையை அப்படியே எழுதியிருப்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. கேட்பதை எழுதுவதற்கு முன்பு தருவதை எழுது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது எப்படி என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறாய்: அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர முன்வந்தார், 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். நமக்கு நாமே திட்டமானாலும் மக்கள் பங்குத்தொகை இல்லாமல் நடக்காது. உன் ஒன்பதாம் பக்கத்தில் பங்குத்தொகை என்ற தலைப்புக்குக் கீழே 'ஊராரிடம் பேசி முடிவு செய்யப்படும்' என்று மட்டும் இருக்கிறது. புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று கோயில் வரி கட்டும் ஊர் இது. கேட்டால் தருவார்கள்.

இனி நான்காம் பக்கம். இருபத்திரண்டு நாளாக நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். ஊருணிக்கு வரும் வரத்துக்கால்களை வரைந்திருக்கிறாய். தெற்கிலிருந்து வருவது முழுக்கோடு, கிழக்கிலிருந்து வருவது முழுக்கோடு. வடமேற்கு மூலையில் வருவது மட்டும் நம் வீட்டின் மூன்றாங்கட்டுக்குப் பின்னால் வந்ததும் புள்ளிக்கோடாகி நின்றுவிடுகிறது. பக்கத்தில் 'இதற்கு மேல் தெளிவில்லை' என்று எழுதியிருக்கிறாய். தெளிவில்லை என்ற சொல் கருத்துருவில் வரக் கூடாது. நில அளவைப் புலப்படத்தில் அந்தக் கால் வாய்க்கால் புறம்போக்கு என்று தெளிவாகவே இருக்கிறது. நீ அதை வாங்கிப் பார்த்திருக்கிறாய். பின்னிணைப்பில் அந்தப் புல எண் இருக்கிறது.

அம்மா, நீ ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

2008 ஆவணியில் அக்கா கல்யாணத்துக்குச் சமையல் கொட்டகை போடப் பின்னால் இடம் போதவில்லை. வரத்துக்கால் அந்த இடத்தில் ஆறடி அகலம், இருபுறமும் செம்புறாங்கல் கட்டு, ஐயா காலத்தில் கட்டியது. பழைய மாட்டுக்கொட்டிலை இடித்த கல்லையும் மண்ணையும் அதில் கொட்டி மேவச் சொன்னவன் நான். கல்யாணம் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று கீழவீட்டுப் பெரியப்பச்சியிடம் சொன்னேன். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த மண்மேட்டில் பந்து போட்டு விளையாடினாய். ஐப்பசியில் மழை வந்து மேற்குத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோதும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு அதன்மேல் சுற்றுச்சுவர் எழுப்பினேன். அதன் பிறகு ஊருணி பாதிக்கு மேல் நிரம்பியதில்லை. அப்பத்தா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுவர் கட்டியதோடு இது முடியவில்லை. 2010-இல் மேற்குத் தெருவிலிருந்து ஒரு மனு வந்தது. கடைசித் தாளில் ஏழு கையெழுத்தும் நான்கு கைநாட்டும் இருந்தன. ஊதா மையில் ஒரு கைநாட்டு அழுத்திப் பதிந்து, பெருவிரலின் ரேகையெல்லாம் கலங்கியிருந்தது. அந்த மனு வேறு யாரிடமும் போகாமல் என் மேசைக்கே வந்தது. 'தல ஆய்வு செய்யப்பட்டது, வரத்துக்காலில் தடை ஏதும் காணப்படவில்லை' என்று குறிப்பெழுதிக் கோப்பை முடித்தவன் நான். பணியில் இருந்த அத்தனை ஆண்டிலும் நான் எழுதிய குறிப்புகளில் பொய் அது ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒன்று போதும். உன் ஆத்தாவுக்குக்கூட நேற்றுத்தான் சொன்னேன்.

நீ என்னைக் காப்பாற்றுவதற்காகப் புள்ளிக்கோடு போட்டாய். மகளாக உனக்கு அப்படித் தோன்றியிருக்கும். ஆனால் காரணத்தை விட்டுவிட்டுத் தீர்வை எழுதினால், எவ்வளவு ஆழம் வாரினாலும் அந்த மூலையிலிருந்து தண்ணீர் வராது. இரண்டு மழைக்குப் பிறகு திட்டமே தவறு என்பார்கள். அந்தக் கோப்பை 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டி யாரும் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். மற்றவர் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டு, மகள் மறைத்தாள் என்று சொல்லக் கூடாது. ஆகவே, 2008-இல் இன்ன புல எண்ணில் உள்ள வரத்துக்கால் இன்னாருடைய வீட்டாரால் மூடப்பட்டது, 2009-இல் சுவர் கட்டப்பட்டது, 2010-இல் வந்த மனு பொய்யான குறிப்புடன் முடிக்கப்பட்டது என்று என் பெயரைப் போட்டே எழுது. நான் கையெழுத்திட்ட வாக்குமூலம் ஒன்றைத் தனியே அனுப்புகிறேன். அதைப் பின்னிணைப்பில் சேர். சுவரை இடித்து, மண்ணை அள்ளி, கல்கட்டைச் சரிசெய்து கொடுப்பது என் செலவு. ஒன்பதாம் பக்கத்தில் பங்குத்தொகை என்பதற்குக் கீழே அதை முதல் வரியாகப் போடு.

அக்டோபர் 2 கிராம சபை போய்விட்டது. அடுத்தது நவம்பர் 1, உள்ளாட்சி நாள். அதில் தீர்மானம் நிறைவேற்றிக் கருத்துருவோடு இணைத்தால் வலு இருக்கும். மேற்குத் தெருக்காரர்கள் இருக்கும்போது நான் எழுந்து சொல்வேன். அதற்கு முன் ஒரு வாரம் நீ வந்தால் நல்லது. கொத்தனாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், நீ வரும்வரை கைவைக்கச் சொல்லவில்லை. மூடிய காலின் நீளம் முப்பது அடி என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது நினைவிலிருந்து சொல்வது, அளந்ததில்லை. நாடாவைக் கொண்டு வா. ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அப்பச்சி