படுக்கையில் கிடப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் நெருங்குகிறது. உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் எந்தத் திருச்சபையை எடுத்துக்கொண்டாலும் கம்பளி கொடுப்பதற்கான பட்டியல் இந்நேரம் தயாராகிக்கொண்டிருக்கும். இந்தக் குளிரில் கம்பளி வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பக்கவாதத்தாலோ புற்றுநோயாலோ முதுமையாலோ எழ முடியாமல் கிடக்கிறவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால், போன வருடக் கம்பளி மடிப்புக் கலையாமல் பரண்மேல் இருக்கும். அந்த வீடுகளில் இல்லாதது புதன்கிழமை பகல் பதினோரு மணிக்குப் பக்கத்தில் ஓர் ஆள்.

காலை எட்டு மணிக்கெல்லாம் கொழுந்து பறிக்கப் போகிற மகளோ மருமகளோ மாலையில்தான் திரும்புகிறார். நடுவில் எட்டு, ஒன்பது மணி நேரம். பிளாஸ்கில் காபி, எட்டாத தூரத்தில் தண்ணீர், நனைந்த துணி. சபையார் போய்ப் பார்ப்பதோ ஞாயிறு ஆராதனை முடிந்து, வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரத்தில். அன்பில் குறைவில்லை, நேரம்தான் தப்பு. ஒவ்வொரு சபையிலும் பணி ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கிறது, கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் என்ற அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுக்கள் இருக்கின்றன. வார நாளில் காலை பத்து மணிக்கு ஒருவர், பகல் ஒன்றரைக்கு இன்னொருவர் என்று முறை வைத்தால் ஒரு நோயாளிக்கு வாரத்துக்குப் பத்து முறை. ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு முறைதான் வரும். அதே தெருவில் இருப்பவர்களாகப் பார்த்துப் போட வேண்டும். ஏற்றம் ஏறி, இரண்டு பஸ் மாறி வருகிறவர் மூன்றாவது வாரம் நின்றுவிடுவார். மழையில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் பலருக்குத் தயக்கம். முதல் வேலை, புரட்டிப் படுக்க வைப்பது. ஒரே பக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் உடம்பின் எடை அழுத்துகிற இடத்தில் ரத்தம் ஓடாது. வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், தோள்பட்டை, பின்மண்டை ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே சூடாகவோ கல்லுப்போலவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். தேய்த்தால் அடியில் இருக்கும் சதை இன்னும் சிதையும். காற்றடைத்த ரப்பர் வளையத்தின்மேல் உட்கார வைப்பதும் கூடாது. நடுவில் அழுத்தம் குறைந்தாலும் வளையம் படும் இடமெல்லாம் ரத்த ஓட்டம் தடைபடும். குதிகாலுக்கு, கெண்டைக்காலின் கீழ் ஒரு தலையணை வைத்துப் பாதத்தை அந்தரத்தில் விட்டாலே போதும்.

புண் வந்துவிட்ட வீட்டில் எல்லாரையும் விரட்டுவது நாற்றம்தான். பேரப்பிள்ளைகள் அந்த அறைப் பக்கம் போவதை நிறுத்திவிடுவார்கள், பார்க்க வருகிறவர் வாசலோடு திரும்பிவிடுவார். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை நன்றாகப் பொடித்துப் புண்ணின்மேல் தூவினால் சில நாட்களில் நாற்றம் பெருமளவு அடங்கும். நோய்த்தணிப்பு சிகிச்சை, அதாவது தீராத நோயின் வலியையும் தொல்லையையும் குறைக்கும் சிகிச்சை தருகிற நர்ஸ்கள் வழக்கமாகச் செய்வது இது. அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகே செய்ய வேண்டும். புண் கழுவும் தண்ணீருக்கு ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே, ஏறக்குறைய 93-லேயே கொதித்துவிடும். அதனால் கொதி வந்ததும் இறக்காமல் மூன்று நிமிடமாவது கொதிக்க விட வேண்டும்.

அடுத்தது தானமாக வரும் பொருட்கள். சமவெளியில் நல்ல உதவியாக இருப்பது இங்கே பயனில்லாமல் போவதை நன்கொடையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சக்கர நாற்காலிதான் அதிகம் வருகிறது. வாசலிலிருந்து ரோட்டுக்கு அறுபது படி இருக்கிற வீட்டில் அதை எங்கே உருட்டுவது? பனி பட்டுத் துருப்பிடித்துத் திண்ணையில் மடங்கிக் கிடக்கும். பல வீடுகளில் கக்கூஸ் வெளியே, நாலு படி இறங்கி. ராத்திரி இரண்டு மணிக்கு ஈரப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துதான் பல முதியவர்கள் படுக்கைக்கே வருகிறார்கள். ஒரு கமோடு நாற்காலியும் ஒரு வாக்கரும் கட்டில் பக்கத்தில் இருந்தால் அந்த நாலு படியை இறங்க வேண்டியதில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற விஷயம்.

படுக்கைப்புண் வராமலிருக்கக் கொடுக்கும் வாட்டர் பெட் இன்னொன்று. மதுரையில் அது குளுமை, உதகையில் ஜனவரி மாதம் அதே பெட் நோயாளியின் உடம்புச் சூட்டை ராத்திரி முழுக்க உறிஞ்சும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, மேலே மடித்த கம்பளி விரித்துத்தான் படுக்க வைக்க வேண்டும். பரண்மேல் இருக்கும் அந்தக் கம்பளிக்கு இதுவே நல்ல உபயோகம். மாறி மாறிக் காற்றடிக்கும் ஏர் பெட் மேலானது. ஆனால் கரண்ட் போனால் பம்பு நின்று காற்று இறங்கும், நோயாளி வெறும் பலகையில் கிடப்பார். அதனால் கட்டிலில் முதலில் சாதாரண மெத்தை, அதன்மேல்தான் ஏர் பெட். எந்த பெட்டாக இருந்தாலும் புரட்டிப் படுக்க வைப்பதை நிறுத்தக்கூடாது. பெட் வந்ததும் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஆக்சிஜன் இயந்திரத்தில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். விறகுப்புகையில் பல வருடம் சமைத்து நுரையீரல் கெட்ட பெண்களுக்கு இந்த உயரமும் குளிரும் சேர்ந்து மூச்சுக்குத் தவிப்பு. இயந்திரம் கரண்டில் ஓடுவது. அதைக் கொடுக்கிற சபை கூடவே ஸ்டெபிலைசரும், கரண்ட் போனால் உதவ நிரப்பிய சிலிண்டர் ஒன்றும் கொடுக்க வேண்டும். பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 2019 ஆகஸ்டில் உதகை அருகே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, மரமும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தது யாருக்கும் மறந்திருக்காது. அப்படிப்பட்ட நாளில் ஒரு சிலிண்டர் ஓர் இரவுக்குத்தான் காணும். மழை எச்சரிக்கை வந்த உடனே, ரோடு திறந்திருக்கும்போதே, நோயாளியை ஆஸ்பத்திரிக்கோ பஜார் பக்கத்து உறவினர் வீட்டுக்கோ மாற்றுவதுதான் சரி. ஆக்சிஜன் ஓடுகிற அறையில் பீடி, மெழுகுவர்த்தி, அடுப்பு எதுவும் கூடாது. ஜெபம் பண்ணப் போகிறவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றிவிட வேண்டாம்.

அடுப்பு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. குளிருக்காகக் கதவையும் ஜன்னலையும் அடைத்து, அறைக்குள் கரி நெருப்பு வைத்துத் தூங்கி இறந்தவர்களைப் பற்றி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் எத்தனையோ செய்திகள் உங்கள் நாளிதழிலேயே வந்திருக்கும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. எழுந்து கதவைத் திறக்க முடியாதவர் இருக்கும் அறையில் கரிச்சட்டி வைப்பதைப் பார்த்தால், போயிருப்பவர் கூச்சப்படாமல் அதை வெளியே எடுத்து வைக்க வேண்டும். சூட்டுப்பை கொடுத்தால் துண்டில் சுற்றி, உடம்பில் ஒட்டாமல் வைக்கச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாலோ வாதத்தாலோ உணர்வு போன காலுக்குச் சுடுவது தெரியாது. காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியவரும்.

இனி, ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவது. 108 வண்டி ரோடு வரைக்கும்தான் வரும், படியில் இறங்காது. அந்த அறுபது படிக்கு ஆள் தேடுவதில் அரைமணி நேரம் போகிறது. நம் சபைகளில் டிசம்பர் இரவுகளில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி கேரல் ரவுண்ட்ஸ் போகிற வாலிபர்களுக்கு எந்த வீட்டுக்கு எந்தப் படி, எங்கே கைப்பிடி இல்லை, எந்த நாய் கடிக்கும் என்று இருட்டிலேயே தெரியும். ஆபத்துக்கு வந்து தூக்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? ஒரு நோயாளிக்கு ஆறு பேர் வேண்டும். நாலு பேர் தூக்க, ஒருவர் முன்னால் டார்ச்சோடு, ஒருவர் குடையும் காகிதங்களும். சபைக்கு ஒரு மடக்கு ஸ்ட்ரெச்சர், இடுப்பிலும் நெஞ்சிலும் கட்ட வார் உள்ளதாக. ஏறினாலும் இறங்கினாலும் தலை மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும். மூச்சுத் திணறுகிறவரைப் படுக்க வைக்கக்கூடாது, கெட்டியான மர நாற்காலியில் உட்கார வைத்து, துணியால் கட்டித் தூக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், நடுப்படியில் கால் மடங்கும்.

சிறுநீர்க் குழாய் போட்டவரைத் தூக்கும்போது எல்லாரும் செய்கிற தவறு, அந்தப் பையை அவர் வயிற்றின்மேல் வைத்துவிடுவது. பையில் இருப்பது திரும்ப மூத்திரப்பைக்குள் போகும். அதனால் கிருமி தொற்றிக் குளிர்காய்ச்சல் வரலாம். தூக்குவதற்கு முன் பையைக் காலி செய்து, உடம்புக்குக் கீழே தொங்குகிற மாதிரி ஒருவர் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வீட்டிலும் அப்படியே. கட்டிலுக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது.

காப்பீட்டு அட்டை, ஆதார் நகல், கடைசியாக ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, தற்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் நான்கையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வாசல் பக்கம் ஆணியில் மாட்டி வைத்தால் பதற்றத்தில் தேட வேண்டாம்.

புற்றுநோய்க்காரர்களுக்கு வேறு ஒரு கஷ்டம். கதிர்வீச்சு சிகிச்சை பல புற்றுநோய்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து முதல் ஏழு வாரம் நடக்கும். ஒரு தடவைக்குச் சில நிமிடம்தான். அதற்காக உதகையிலிருந்து ஏறக்குறைய 85 கி.மீ. மலையிறங்கிக் கோவைக்குத் தினமும் போய்வர உடம்பு தாங்காது. வாடகை கொடுத்துத் தங்க வழியில்லாமல் மூன்றாவது வாரத்தில் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இடையில் விட்டால் செய்த சிகிச்சையின் பலனும் குறையும். தென்னிந்தியத் திருச்சபையில் நீலகிரியும் கோவையும் ஒரே திருமண்டலம், ஒரே பேராயரின் நிர்வாகத்தில் இருப்பவை. கோவைச் சபை ஒன்றின் வளாகத்தில், சமையல் வசதியோடு இரண்டு அறை மலையிலிருந்து வருகிறவர்களுக்கென்று ஒதுக்குவது புதிதாக ஒன்றும் கட்டாமலே செய்யக்கூடியது. கடும் வலிக்கான மார்பின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அது வலி வந்த பிறகு அல்ல, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டியது என்பதையும், பெரும்பாலும் மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தும் கூடவே வேண்டும் என்பதையும் வீட்டாரிடம் பொறுமையாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வீட்டார் பயந்து மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். மண் சரிந்து ரோடு அடைபட்டால் வலி காத்திருக்காது.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை, பிசியோதெரபி, நோய்த்தணிப்பு சிகிச்சை எல்லாம் வீட்டுக்கே வரும். சபை தனியாக மருந்து கொடுக்கக் கிளம்ப வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, தங்கள் தெருவில் விடுபட்டவர்களின் பெயரைச் சேர்த்துவிட்டாலே பெரிய காரியம்.

உதவி போகிற வீடு எந்த மதத்தது என்று பார்க்கக்கூடாது. 1846-ல் உதகை அருகே கேத்தியில், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் வேலை தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலை திருச்சபையை அறிந்திருக்கிறது. கேட்காமல் ஜெபம் தொடங்க வேண்டாம். “ஜெபம் பண்ணட்டுங்களா, அம்மா?” என்று கேட்டு, வேண்டாம் என்றால் அடுத்த புதன்கிழமையும் அதே நேரத்துக்குப் போக வேண்டும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதை அடியோடு நிறுத்த வேண்டும். துணி விலகிய உடம்போடு, எழுந்து மூடிக்கொள்ள முடியாமல் கிடக்கிறவரைச் சுற்றி நின்று பேனர் பிடிப்பது அவரை அவமதிப்பது. நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை, திரும்பி வரும்போது மீதிச் செலவைத் தருவதாகச் சத்திரக்காரனிடம் சொல்லிவிட்டுப் போனான். அவன் திரும்பி வர நினைத்ததைப் பிரசங்கங்களில் நாம் அதிகம் கேட்பதில்லை.

பொருட்களை இரவல் கொடுக்க ஒரு அலமாரி, ஒரு நோட்டு போதும். யாருக்கு, எந்தத் தேதி, எந்த நிலையில், திரும்பியது எப்போது. திரும்பி வந்ததை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் துடைக்காவிட்டால் இரும்பு அரித்துவிடும். நோட்டுக்கு ஒருவரே பொறுப்பாக இருக்க வேண்டும். எல்லாரும் பொறுப்பு என்றால் வாக்கர் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் சபைக் கமிட்டியாருக்கும் எங்கள் வேண்டுகோள்: விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கேரட்டும் கோசும் விற்று வந்த பணத்திலும் கம்பளிக்கு ஒதுக்கிய தொகையிலும் பாதியை இந்த வருடம் எடுத்து வையுங்கள். இரண்டு கமோடு நாற்காலி, இரண்டு வாக்கர், ஓர் ஏர் பெட், ஒரு மடக்கு ஸ்ட்ரெச்சர் வாங்குங்கள். கேரல் ரவுண்ட்ஸுக்கு வீடுகளின் பட்டியல் போடும்போதே, எழ முடியாதவர் இருக்கும் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு, ரோட்டிலிருந்து எத்தனை படி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் திருச்சபைத் தன்னார்வலர்கள்,
கோத்தகிரி.