ஆபரேஷன் பண்ணிக்கலாமா என்று கேட்ட அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

கணுக்கால் ஆபரேஷனைப் பற்றி நேற்று ராத்திரி போனில் நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "நீ பண்ணிக்கிட்டவ, நான் பண்ணிக்கலாமா வேண்டாமான்னு ஒரே வார்த்தையில சொல்லு" என்றீர்கள். ஒரே வார்த்தை என்னிடம் இல்லாததால் ஏதோ மழுப்பிவிட்டுப் போனை வைத்தேன், அப்புறம் தூக்கமே வரவில்லை. இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கிற வேறு யாருக்காவது உதவுமே, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதட்டுமா என்று காலையில் கேட்டேன். "என் பேரைப் போடாதே" என்று மட்டும் சொன்னீர்கள். போடவில்லை.

முதலில் உங்கள் பயத்தைப் பற்றிப் பேசிவிடலாம். கணுக்கால் மூட்டை ஒட்டவைத்துவிட்டால் கால் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் நொண்டி நடைதான் என்று சொன்னீர்கள். நானும் இதையேதான் மூன்று வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது எனக்காக ஒன்று செய்யுங்கள். சுவரைப் பார்த்து நின்று, நல்ல காலை நாலு விரல் அகலம் தள்ளி வைத்து, குதிகாலைத் தரையிலிருந்து தூக்காமல் முழங்காலைச் சுவரில் தொட முயலுங்கள். அப்புறம் வலிக்கிற காலை வைத்து அதையே செய்யுங்கள். நல்ல கணுக்கால் மேல் பக்கம் 20 டிகிரியும் கீழ்ப் பக்கம் 50 டிகிரி வரைக்கும் மடங்கும். ஆபரேஷனுக்கு முன்னால் என் காலை அளந்தபோது இரண்டும் சேர்ந்தே 12 டிகிரிதான் இருந்தது. எந்த அசைவு போய்விடும் என்று அழுதுகொண்டிருந்தேனோ அது எனக்குத் தெரியாமலேயே எப்போதோ போய்விட்டிருந்தது, மிச்சமிருந்த அந்த 12 டிகிரியில் ஒவ்வொரு டிகிரியும் எலும்போடு எலும்பு உரசுகிற வலி. உங்கள் சுவர்க் கணக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். நிஜமாகவே நிறைய அசைவு மிச்சமிருந்தால் பேச்சே வேறு, அப்போது செயற்கை மூட்டைப் பற்றி நாம் தீவிரமாகப் பேச வேண்டும்.

இந்த வயதில் ஏன் எனக்கு என்று வருத்தப்பட்டீர்களே, அதற்குக் காரணம் உங்கள் உடம்பில் ஏதோ குறை இருக்கிறது என்பது இல்லை. முழங்காலும் இடுப்பும் பெரும்பாலும் வயதால் தேய்கின்றன. கணுக்கால் அப்படி இல்லை, மூட்டு தேய்ந்து வருகிற பத்துப் பேரில் ஏழு பேருக்குமேல் பழைய எலும்பு முறிவோ, திரும்பத் திரும்பப் பிசகிய பழைய சுளுக்கோதான் மூலகாரணம். 22 வருஷத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து பிளேட் வைத்தார்களே, அன்றைக்குக் குருத்தெலும்பில் விழுந்த அடியின் கணக்கு இப்போது தீர்கிறது. அதனால்தான் கணுக்கால்காரர்கள் மற்ற மூட்டுக்காரர்களைவிட இளையவர்களாக இருக்கிறார்கள், முடிவெடுப்பதும் அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது. உங்களுக்கு 54 வயது. இன்னும் முப்பது வருஷம் நடக்க வேண்டிய கால் இது.

சரி, இரண்டு ஆபரேஷன்களுக்கு வருவோம். நான் செய்துகொண்டது மூட்டு இணைப்பு. மிச்சமிருக்கிற குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, கெண்டைக்கால் எலும்பையும் அதற்குக் கீழே இருக்கிற கணுக்கால் எலும்பையும் ஸ்குரூ போட்டு இறுக்கிவிடுவார்கள், அவை கூடி ஒரே எலும்பாகிவிடும். உரச இடம் இல்லாததால் அந்த வலி நிற்கிறது. பாதம் முழுக்கச் செத்துப் போவதில்லை, கீழேயும் முன்னாலும் இருக்கிற சின்ன மூட்டுகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கின்றன. சமதரையில் நான் நடப்பதைப் பார்த்து யாரும் கண்டுபிடிப்பதில்லை. சரிவில் ஏறினால், மேடுபள்ளத்தில் நடந்தால், குந்தி உட்கார்ந்தால் எனக்குத் தெரியும். ஓடுவதில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்: இந்த மூட்டு வேலை செய்யாததால் பக்கத்து மூட்டுகள் அதன் பாரத்தையும் சுமக்கின்றன, பத்து இருபது வருஷத்தில் அவை தேயலாம்.

இன்னொன்று மூட்டு மாற்று. தேய்ந்த பரப்புகளைச் சீவிவிட்டு உலோகத்தை வைத்து, நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் வைப்பார்கள். அசைவு இருக்கும், பக்கத்து மூட்டுகளுக்கும் பாரம் குறையும். 1970களில் வந்த முதல் தலைமுறைச் செயற்கைக் கணுக்கால்கள் மோசமாகத் தோற்றதால் பழைய ஆட்கள் இன்னும் அதைக் கேட்டாலே தலையை ஆட்டுகிறார்கள், இப்போதையவை அவ்வளவு மோசமில்லை. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் சுமாராகப் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு முதலில் வைத்ததே இருக்கிறது. இருந்தாலும் முழங்கால், இடுப்பு மாதிரி அத்தனை காலம் உழைப்பதில்லை. தளர்ந்து போனால் திரும்பத் திறக்க வேண்டும், அப்போது எலும்பு குறைந்திருக்கும், வேறு இடத்து எலும்பை எடுத்து நிரப்பி இணைக்க வேண்டியிருக்கும். மூட்டில் எப்போதாவது சீழ் பிடித்திருந்தாலோ, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தாலோ, அடியில் இருக்கிற எலும்பு ரத்த ஓட்டமின்றிச் செத்திருந்தாலோ பெரும்பாலும் மாற்று மூட்டு வைக்க மாட்டார்கள்.

எது நல்லது என்று கேட்பீர்கள். பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 50 முதல் 85 வயது வரையிலான சுமார் 300 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் நன்றாகவே தேறியிருந்தார்கள், எது மேல் என்று தெளிவாகச் சொல்கிற அளவுக்கு வித்தியாசம் இல்லை. தொந்தரவுகள்தான் வேறு வேறு. மாற்று செய்தவர்களில் புண் ஆறாத பிரச்சினை அதிகம், ஏனென்றால் அதைப் பெரும்பாலும் கணுக்காலின் முன்பக்கம் கிழித்துச் செய்கிறார்கள், அங்கே தோலுக்கு அடியில் சதையே கிடையாது. இணைத்தவர்களில் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது கொஞ்சம் அதிகம், அப்புறம் சுமார் 12 சதவீதம் பேருக்கு எலும்பு கூடவில்லை, ஆனால் அவர்களிலும் பலருக்கு அதனால் வலி இல்லை. ஆகவே ஒரு டாக்டர் இதுதான் உயர்ந்தது, மற்றது குப்பை என்று அடித்துச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், இரண்டையும் செய்கிற இன்னொருவரைப் பாருங்கள். நாள் முழுக்க நின்று, கனம் தூக்கி வேலை செய்கிறீர்கள், பழைய பிளேட் வேறு உள்ளே இருக்கிறது, இதையெல்லாம் வைத்து என் மனசு இணைப்பின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் நான் டாக்டர் இல்லை, உங்கள் தங்கை.

யாரும் என்னிடம் சரியாகச் சொல்லாத விஷயம் அந்த முதல் மூன்று மாதம். ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது என்றார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். படக்கூடாது என்றால் என்னவென்று வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் புரிந்தது. பாத்ரூம் பத்தடி தூரம், மாவுக்கட்டு போட்ட காலைத் தூக்கிக்கொண்டு வாக்கரில் ஒற்றைக் காலால் தத்தித் தத்திப் போக வேண்டும், வாக்கரைப் பிடித்தால் கையில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துவர முடியாது. மாடிப்படியை உட்கார்ந்தே ஏறினேன், உட்கார்ந்தே இறங்கினேன். காலைத் தொங்கவிட்டால் பத்தே நிமிஷத்தில் வீங்கித் தெறிக்கும். அப்புறம் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றப் பழகி, பூட்ஸ் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு நடந்து, அதையும் கழற்ற மூன்று மாதம் தாண்டிவிட்டது. சாயங்கால வீக்கம் ஒரு வருஷம் வரை இருந்தது. உங்களுக்கு வலது கால், அதனால் வண்டி ஓட்டுவதைச் சில மாதங்களுக்கு மறந்துவிட வேண்டும். இதைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை அண்ணா. படுக்கை கீழ்த்தளத்துக்கு வர வேண்டும், பாத்ரூமில் கைப்பிடியும் நாற்காலியும் வேண்டும், ராத்திரி கூப்பிட்டால் எழுந்து வர ஆள் வேண்டும். இதையெல்லாம் தேதி குறிப்பதற்கு முன்னால் செய்துவிடுங்கள்.

என் எலும்பு சீக்கிரம் கூடவில்லை. நாலாவது மாதம் சி.டி. ஸ்கேனில்கூட ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தது. அப்போதுதான் ரத்தம் எடுத்துப் பார்த்து வைட்டமின் டி அடிமட்டத்தில் இருக்கிறது என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னாலேயே பார்த்திருக்கலாமே என்ற ஆதங்கம் இன்றைக்கும் எனக்கு உண்டு. மாத்திரை சாப்பிட்டு ஏழாவது மாதம் கூடிவிட்டது. நீங்கள் முன்கூட்டியே கேட்டு அதையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சிகரெட். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேனோ என்னவோ. நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது, புகைக்கிறவர்களுக்கு எலும்பு கூடாமல் போகிற அபாயம் பல மடங்கு, புண் ஆறுவதும் இழுக்கும். குறைக்கிறேன் என்பதெல்லாம் வேண்டாம். ஆபரேஷனுக்கு ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம் முன்னாலேயே விட்டுவிட வேண்டும், எலும்பு கூடுகிற வரைக்கும் தொடவே கூடாது. அதற்கு முடியாது என்றால் இப்போதைக்கு ஆபரேஷனே வேண்டாம் என்றுதான் சொல்வேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஆபரேஷன் இல்லாமல் நீங்கள் இன்னும் செய்து பார்க்காதவையும் இருக்கின்றன. அடிப்பாகம் படகு மாதிரி வளைந்த ஷூ போட்டால் கணுக்கால் மடங்க வேண்டிய வேலையைச் செருப்பு செய்துவிடுகிறது. கணுக்காலை இறுக்கிப் பிடிக்கிற பிரேஸ், எதிர்ப்பக்கக் கையில் ஒரு தடி, இவை எனக்கு இரண்டு வருஷத்தை வாங்கித் தந்தன. ஒவ்வொரு அடியிலும் நம் எடையைப் போல நாலைந்து மடங்கு அந்தச் சின்ன மூட்டில் இறங்குகிறது, அதனால் ஐந்து கிலோ குறைந்தாலும் கால் உணர்கிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் நிம்மதி தரும், ஆனால் அதைப் போட்டு மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யத் தயங்குவார்கள், தொற்று பயம். உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி ஊசியாகப் போடுகிறார்களே, அதை நண்பர் சிபாரிசு செய்தார் என்றீர்கள். 2021-இல் நெதர்லாந்தில் கணுக்கால் தேய்ந்த நூறு பேரிடம் அதை வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஆறு மாதத்தில் வித்தியாசமே இல்லை. அந்தப் பணத்தை நல்ல ஷூவுக்குச் செலவழியுங்கள்.

இது அவசர ஆபரேஷன் இல்லை, ஆறு மாதம் யோசித்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள், குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனால் தள்ளிப்போடாதீர்கள், சாய்வு கூடக் கூடச் செய்ய முடிகிற வழிகள் குறைந்துகொண்டே போகும்.

நான் எப்படி முடிவெடுத்தேன் தெரியுமா? எக்ஸ்ரேயைப் பார்த்து இல்லை. என் எக்ஸ்ரே அதற்கு மூன்று வருஷம் முன்னாலிருந்தே மோசமாகத்தான் இருந்தது. ஒருநாள் மகளோடு நடந்துகொண்டிருந்தேன், அவளுக்கு அப்போது எட்டு வயது. அந்த வயதுக் குழந்தை முன்னால் ஓட வேண்டும். அவள் ஓடவில்லை, என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, நான் நிற்கிற இடங்களில் நான் சொல்லாமலேயே நின்று நின்று வந்தாள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. அன்றைக்கு ராத்திரி ஒரு நோட்டில் கால் வலியால் நான் விட்டுவிட்டவற்றை எழுதிப் பார்த்தேன், ஒரு பக்கம் போதவில்லை. நீங்களும் இரண்டு வாரம் எழுதுங்கள். எவ்வளவு தூரம் நடந்தீர்கள், ராத்திரி எத்தனை தடவை வலியில் எழுந்தீர்கள், எத்தனை மாத்திரை போட்டீர்கள், எங்கே போக வேண்டியதைத் தவிர்த்தீர்கள். படித்துவிட்டு "இதோடு இருந்துவிடலாம்" என்று தோன்றினால் இருங்கள், அதுவும் நல்ல முடிவுதான்.

வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது பழைய ஆபரேஷன் சீட்டையும் எக்ஸ்ரேக்களையும் எடுத்து வாருங்கள். நின்றபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், படுத்துக்கொண்டு எடுத்தால் உண்மையான இடைவெளி தெரியாது. வலி கணுக்கால் மூட்டிலிருந்து வருகிறதா, அதற்குக் கீழ் மூட்டிலிருந்தா என்று மரத்துப்போகிற ஊசி போட்டுப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள், தப்பான மூட்டை இணைத்தால் வலி அப்படியே இருக்கும். அண்ணியிடம் இன்னும் பேசவில்லை என்றீர்கள். இன்றைக்கே பேசிவிடுங்கள் அண்ணா, அந்த மூன்று மாதமும் ராத்திரி எழுந்து வரப்போகிறவர் அவர்தானே, அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் பத்து மணிக்கெல்லாம் நேராக அங்கேயே வந்துவிடுகிறேன்.

உங்கள் தங்கை