வசு, உங்கள் வேலிக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது

அன்புள்ள வசு,

உன் நீண்ட மெயில் கிடைத்தது. பதில் தாமதமானதற்குக் காரணம் அம்மாவின் கண் ஆபரேஷன்தான். இடது கண் முடிந்துவிட்டது, மணி பார்த்துச் சொட்டு மருந்து விடுவதே ஒரு முழுநேர வேலையாகிவிட்டது. இப்போது தூங்குகிறாள், அதனால் எழுத உட்கார்ந்தேன்.

ஜெர்மனியில் உடையில்லாமல் கூடுகிற உங்கள் ஏரிக்கரை சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உன்னைவிட வயதில் சிறியவர் ஒருவரும் இல்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. நமக்கே ஐம்பத்தாறு ஆகிறது. சௌனாவை, அந்த வெப்பக் குளியல் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், புல் வெட்ட ஆளில்லை, இப்படியே போனால் குத்தகை நிலத்தை நகராட்சியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று உங்கள் தலைவர் சொன்னாராமே. "நீ தினமும் இளம் பெண்களைப் பார்க்கிறவள், எங்களிடம் அவர்கள் ஏன் வருவதில்லை, யோசித்துச் சொல்" என்று கேட்டிருந்தாய். யோசித்தேன், இங்கே கிளினிக்கில் பார்ப்பதையும் உன்னோடு அங்கே வந்தபோது பார்த்ததையும் சேர்த்து வைத்துத்தான் யோசித்தேன். சங்கதி கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் ஒன்று. இப்போதைய பிள்ளைகள் கூச்சக்காரர்களாகிவிட்டார்கள் என்று உங்கள் ஆட்கள் சொல்வதை நான் முழுதாக நம்பவில்லை. கோஸ்புடன் ஏரியில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாயே, முன்பு நிலக்கரிச் சுரங்கமாக இருந்த இடம், அங்கே எஃப்கேகே என்று உடையில்லாமல் இருக்க ஒதுக்கிய பகுதியில் மாணவர்கள் கூட்டம் கூட்டமாகத் துணியில்லாமல் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் உறுப்பினர் அட்டை கிடையாது, சந்தா கிடையாது. ஆக, உடையைக் களைய அவர்களுக்குத் தயக்கமில்லை, சங்கத்தில் சேரத்தான் தயக்கம். 1949இல் தொடங்கிய, உங்களைப் போன்ற சங்கங்களின் ஜெர்மன் கூட்டமைப்பே 2024இல் 75ஆம் ஆண்டு விழாவை, போதிய ஆட்கள் பதிவு செய்யவில்லை என்று ரத்து செய்ததே. ஏரிக்கரையில் ஆள் இருக்கிறது, விழாவுக்கு ஆள் இல்லை.

அந்தக் காலத்தில் சங்கம் என்ன கொடுத்தது என்று யோசித்துப் பார். ஒரு வேலி கொடுத்தது. போலீஸ், பாதிரியார், பக்கத்து வீட்டுக்காரர் யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஓர் இடம். உன் மாமியார் சொல்வாரே, ஐம்பதுகளில் கிழக்கு ஜெர்மனியில் பால்டிக் கரையில் உடையில்லாமல் குளிக்கத் தடை போட்டார்கள், ஜனங்கள் விடவில்லை, 1956இல் அரசே இறங்கிவந்து இடம் ஒதுக்கிக் கொடுத்தது என்று. அப்படிப் போராடி வாங்கிய தலைமுறைக்கு அந்த வேலி எவ்வளவு பெரிய விஷயம்! இன்றைய இருபத்தைந்து வயதுக்காரிக்கு ஏரி இலவசமாகத் திறந்து கிடக்கிறது. பணம் கட்டி, உழைப்பு நேரம் என்று வருடத்துக்கு இத்தனை மணி புல் வெட்டி, வேலிக்குள் ஏன் வர வேண்டும்?

ஆனால் அவளுக்கும் ஒரு வேலி தேவைப்படுகிறது வசு. போலீஸுக்குப் பயந்து இல்லை, போனுக்குப் பயந்து.

இங்கே தோள்பட்டை வலி, முதுகு வலி என்று ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்க்கிற பெண்கள் நிறைய வருகிறார்கள். சிகிச்சைக்காகத் தோளைத் திறந்து காட்டச் சொன்னால் முதலில் அறையின் மூலைகளைப் பார்ப்பார்கள், கேமரா இருக்கிறதா என்று. துணிக்கடை டிரையல் ரூமிலும் ஹோட்டல் பாத்ரூமிலும் பார்த்துப் பழகிய பழக்கம் அது. அடுத்து "சாரி மேடம்" என்பார்கள். எதற்கு சாரி? கையில் முடி எடுக்கவில்லையாம், வயிற்றில் பிரசவ வரி இருக்கிறதாம், அக்குள் கறுப்பாம். வலியோடு வந்த பெண் தன் உடம்புக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதே நாள் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வருவார், முந்தானையை எடுத்துப் போட்டுவிட்டு "இங்கதாம்மா குத்துது" என்று முதுகைத் திருப்பிக் காட்டுவார், அவ்வளவுதான். அந்தப் பாட்டி குளத்துப் படித்துறையில் நாலு பெண்களோடு குளித்து வளர்ந்தவர். தொங்கிய மார்பும் மடிந்த வயிறும் தழும்பும் எல்லோருக்கும் உண்டு என்று ஆறு வயதிலேயே தெரிந்தவர். இந்தப் பெண்ணோ ஆயிரக்கணக்கான உடம்புகளைப் பார்த்திருக்கிறாள், ஆனால் எல்லாம் திரையில், ஃபில்டர் போட்டு, இடுப்பை ஒடுக்கி. சாதாரணமான ஒரு நாற்பது வயது உடம்பை, எழுபது வயது உடம்பை நேரில் பார்த்ததே இல்லை. அதனால் தன்னுடையது மட்டும்தான் கோணல் என்று நினைக்கிறாள்.

அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்கு எது குறை என்று நினைக்கிறீர்களோ, எல்லோரும் கிழங்களாகிவிட்டோம் என்று, அதுதான் உங்களிடம் இருக்கிற சொத்து. அன்றைக்கு உங்கள் சங்கத்தில் ஒரு மார்பை எடுத்துவிட்ட அந்த அம்மா ரிங் டென்னிஸ் ஆடியதைப் பார்த்தேனே, அதை நான் மறக்கவே மாட்டேன். அவரை யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன், பார்த்தார்கள், பந்துக்குப் பதிலாக எறிகிற அந்த வளையம் எங்கே விழுகிறது என்று பார்க்கிற அதே பார்வையில் பார்த்தார்கள். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் பல்கலைக்கழகத்தில் கியான் வெஸ்ட் என்கிற உளவியல் ஆராய்ச்சியாளர் இதைத்தான் ஆராய்ந்தார். உடையில்லாத கூடுகைகளில் கலந்துகொள்கிறவர்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய எண்ணமும் வாழ்க்கையில் திருப்தியும் கூடுதலாக இருப்பதாக அவருடைய 2017ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்கிறது. அப்புறம் 2020இல் ஒரு சோதனை, சிலரை உடையோடும் சிலரை உடையில்லாமலும் பிறரோடு கலந்து பழகவைத்துப் பார்த்தார். உடையில்லாமல் இருந்தவர்களுக்குத் தங்கள் உடம்பின் மேல் மதிப்பு கூடியது, மற்றவர்கள் நம்மை எடைபோடுகிறார்களோ என்கிற பதற்றம் குறைந்ததுதான் அதற்குக் காரணம் என்று வந்தது. என் கிளினிக்கில் அந்த 'சாரி' இருக்கிறதே, அதற்கு மருந்து உங்கள் புல்தரையில் இருக்கிறது என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

ஆனால் மருந்து என்று சொல்லிக் கூப்பிட்டால் ஒருத்தியும் வர மாட்டாள். தத்துவம், இயற்கையோடு ஒன்றுதல், நூறு வருடப் பாரம்பரியம், இதெல்லாம் உள்ளே வந்தவர்களுக்கு அப்புறம் தானாகப் புரியும். முதலில் ஏதாவது ஒரு காரியத்துக்குக் கூப்பிட வேண்டும். பிரான்சில் பார், 2018இல் பாரிஸ் பாலே த டோக்கியோ அருங்காட்சியகத்தை உடையில்லாமல் சுற்றிப் பார்க்க ஒரு காலை நேரம் ஒதுக்கினார்கள். 2024இல் மார்செய் நகரில் உள்ள மியூசெம் அருங்காட்சியகத்தில் உங்களைப் போன்ற இயற்கை நெறியாளர்களின் வரலாற்றையே கண்காட்சியாக வைத்து, சில நாள்கள் பார்வையாளர்களும் உடையில்லாமல் வரலாம் என்றார்கள். மெம்பர் ஆகு என்று யாரும் நச்சரிக்கவில்லை. ஒரு நாள், ஒரு டிக்கெட், பார்க்க ஒரு விஷயம், பிடித்தால் மறுபடி வா, அவ்வளவுதான். நீங்களும் ஒரு முழு நிலா நீச்சல் வையுங்கள், சௌனாவும் சூப்பும் என்று ஒரு குளிர்கால மாலை வையுங்கள், படம் வரைகிற பிள்ளைகள் அங்கே நிறைய இருப்பார்களே, அவர்களைக் கூப்பிட்டு ஒருவரை ஒருவர் வரையச் சொல்லுங்கள். இரண்டு வருடத்தில் ஊர் மாறிப் போகிற மாணவியிடம் வருடச் சந்தா கேட்காதீர்கள், பத்து தடவை வருகிற மாதிரி ஓர் அட்டை போதும். முதல் தடவை வருகிறவள் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் உட்காரட்டும், யாரும் போய் "கூச்சப்படாதே" என்று சொல்ல வேண்டாம். நானே அன்றைக்கு எவ்வளவு நேரம் துண்டோடு உட்கார்ந்திருந்தேன், நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதனால்தான் எழுந்து தண்ணீருக்குப் போனேன்.

போன் விஷயத்தில் மட்டும் இரக்கமே காட்டாதே. வாசலில் பூட்டு வைத்த பெட்டி, இல்லையென்றால் பெர்லின் இரவு விடுதிகளில் செய்கிற மாதிரி கேமரா மேல் ஸ்டிக்கர். தலைவரின் போனுக்கும் அதேதான். "எங்கள் வேலிக்குள் ஒரு போட்டோ கூட எடுக்க முடியாது" என்பதைத்தான் நீங்கள் முதல் வரியாகச் சொல்ல வேண்டும், இலவச ஏரியால் கொடுக்க முடியாதது அது ஒன்றுதான்.

இன்னொன்று உனக்குக் கசக்கும், ஆனாலும் எழுதுகிறேன். தனியாக வருகிற நடுவயது ஆண்கள் அதிகமாகவும் பெண்கள் குறைவாகவும் இருக்கிற இடத்துக்கு எந்த இளம் பெண்ணும் இரண்டாம் தடவை வர மாட்டாள். வெறித்துப் பார்க்கிறவர், பக்கத்தில் வந்து பேச்சை இழுக்கிறவர், உடம்பைப் பற்றிப் பாராட்டுகிறவர், இவர்களை "அவர் முப்பது வருட மெம்பர், அவர் சுபாவம் அப்படி" என்று விட்டுவைத்தால் எல்லாம் போச்சு. வாசலில் வரவேற்பது ஒரு பெண்ணாக இருக்கட்டும், என்ன நடந்தாலும் யாரிடம் சொல்வது என்று உள்ளே நுழையும்போதே அவளுக்குத் தெரியட்டும், புகார் வந்தால் அன்றைக்கே வெளியே அனுப்புங்கள். பாலியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும், ஓர் ஆளை வெளியே அனுப்பினால்தான் அது உண்மையென்று நம்புவார்கள்.

உலகத்தின் முதல் நவீன நிர்வாணச் சங்கம் நம் நாட்டில்தான் தொடங்கியது, தெரியுமா? 1891இல், பம்பாய்க்குப் பக்கத்தில் தாணேயில். சார்லஸ் கிராஃபோர்ட் என்கிற வெள்ளைக்கார ஜில்லா நீதிபதி ஆரம்பித்தது. மொத்தமே மூன்று பேர். அடுத்த வருடம் அவரை ரத்னகிரிக்கு மாற்றினார்கள், சங்கம் முடிந்துபோயிற்று. ஒருவரை நம்பி நிற்கிற எதற்கும் இதுதான் கதி, உங்கள் சௌனா பெரியவர் போனதும் சௌனா அணைந்ததே, அப்படி. முப்பது வயதுக்குக் கீழே இரண்டு பேரைக் கமிட்டியில் போடு. பேருக்கு இல்லை, கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, ஒரு மாலை நிகழ்ச்சியை முழுக்க அவர்கள் இஷ்டத்துக்கு நடத்த விடு. பாட்டு சத்தமாக இருக்கும், பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

சென்னையில் இப்படி ஏதாவது நடக்குமா என்று கேட்டாய். பொது இடத்தில் வாய்ப்பே இல்லை, ஆபாசச் செயல் என்று பாரதிய நியாய சன்ஹிதா 296ஆம் பிரிவு காத்திருக்கிறது. திகம்பர முனிவர்களை வணங்குவோம், நெரூரில், உடையில்லாமல் திரிந்த சதாசிவ பிரம்மேந்திரரின் அதிஷ்டானத்தில் விழுந்து கும்பிடுவோம், துறந்தவருக்கு அது பெருமை. குடும்பத்தில் இருப்பவருக்கு ஆள் பாதி ஆடை பாதிதான். ஈசிஆர் பண்ணை வீடு, நம்பகமான குழு என்று யாராவது ரகசியமாகக் கூப்பிட்டால் எந்தப் பெண்ணையும் போகாதே என்றுதான் சொல்வேன். விதி கிடையாது, கேட்க ஆள் கிடையாது, வேலியே கிடையாது. இங்கே நான் ஆசைப்படுவது ரொம்பச் சின்னது. நான் போகிற நீச்சல் குளத்தில் பெண்களுக்கான காலை நேரம் உண்டு, அங்கே உடை மாற்றும் அறையில் போனை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும், யாருடைய உடம்பைப் பற்றியும், இளைத்துவிட்டாய் என்றுகூட, பேசக் கூடாது என்று நாங்கள் சிலர் சொல்லிவைத்தோம். கதவைத் தாழிட்டுக்கொண்டு நைட்டிக்குள் நெளிந்து மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் இப்போது பேசிக்கொண்டே மாற்றுகிறார்கள். அதில் இருவர் என்னிடம் சிகிச்சைக்கும் வருகிறவர்கள், இப்போதெல்லாம் 'சாரி' சொல்வதில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு மாணவிகள் விசாரித்து வந்தார்கள், சனிக்கிழமை சுற்றிக் காட்டப் போகிறேன் என்று கடைசியில் எழுதியிருந்தாயே. நீ பேசுவதைவிட அவர்களைக் கேள்வி கேட்க விடு. அந்த ரிங் டென்னிஸ் அம்மா அன்றைக்கு வருவாரா என்று பார், வந்தால் அறிமுகப்படுத்து. என்ன சொன்னார்கள் என்று வரிக்கு வரி எனக்கு எழுத வேண்டும்.

அம்மாவின் வலது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். டிசம்பரில் நீ வரும்போது இரண்டு கண்ணாலும் உன்னைப் பார்ப்பாள். வரும்போது கச்சேரி டிக்கெட் எதற்கெல்லாம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு, போன தடவை மாதிரி கடைசி நாளில் கேட்காதே.

அன்புடன்,
கலா
மந்தைவெளி, சென்னை