பெரம்பூர் வினாடி வினா வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் முதல் மார்ச் வரை 11 அமர்வுகள் நடந்தன. நவம்பரில் மழை, கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால் வியாசர்பாடி உறுப்பினர்கள் வர வழியில்லை, அமர்வை விட்டுவிட்டோம். பொங்கலையொட்டி மாணவர் போட்டி நடந்தது; புத்தகங்கள் பரிசாக வழங்கப்பட்டன.

அடுத்து வினா அட்டைகள் தயாரிக்கும் வேலை. இந்த வேலை எதற்கு என்று செயற்குழுவில் இரண்டு முறை கேட்கப்பட்டதால் விரிவாகவே பதிவு செய்கிறேன். அமர்வுகளில் நேரத்தைத் தின்றது விடைத் தகராறு. அதற்குக் காரணம் யாருடைய பிடிவாதமும் இல்லை, கேள்வி சரியாக அமையாததுதான். குறுந்தொகையில் எத்தனைப் பாடல்கள் என்றால் 401 என்பவரும் சரி, கடவுள் வாழ்த்தைச் சேர்த்து 402 என்பவரும் சரி. ஜெயகாந்தனுக்கு ஞானபீடம் 2002ஆம் ஆண்டுக்கானது. அறிவிப்பு வந்ததோ 2005இல். எந்த ஆண்டு என்று கேட்டால் இரண்டையும் சொல்வார்கள். தியாகராஜரின் பஞ்சரத்தினம், அதாவது ஐந்து கீர்த்தனைகளின் தொகுப்பு, யார்மேல் என்று மொட்டையாகக் கேட்டால் திருவையாற்று ஆராதனையை நினைப்பவர் ராமர் என்பார், நம் பக்கத்துக்காரர் திருவொற்றியூர் வடிவுடையம்மன் என்பார். கோவூர், லால்குடி, ஸ்ரீரங்கம் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. நடுவர் என்ன செய்வார்?

எனவே அட்டையின் முன்பக்கம் கேள்வி மட்டும். பின்பக்கம் விடை, ஏற்கத்தக்க மாற்று விடை, நூலும் பக்க எண்ணும், கேள்வி எழுதாத வேறொருவர் சரிபார்த்த கையொப்பம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அட்டை பெட்டிக்குள் போகாது. இணையத்தில் பார்த்தேன் என்பது ஆதாரம் ஆகாது. 412 அட்டைகள் தேறியுள்ளன. கடைசி நான்கு அமர்வுகளில் ஒரு விடைகூட தகராறுக்குப் போகவில்லை என்பதை உறுப்பினர்கள் மறுக்க மாட்டார்கள்.

இசைச் சுற்றுக்குத் தனிக் கவனம் வேண்டியிருந்தது. ராகம் கேட்கும் ஒலித்துண்டு 20 வினாடி. அதில் பாட்டின் வரி வரக்கூடாது. வரி காதில் விழுந்தால் பாட்டை வைத்தே ராகத்தைச் சொல்லிவிடலாம். ஆலாபனையிலும் ராகத்தின் பிடி, அதாவது அதை அடையாளம் காட்டும் ஸ்வரக்கோவை, விழும் இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும். பிடி இல்லாத துண்டை வைத்து ஆனந்தபைரவியா ரீதிகௌளையா என்று கேட்பது அநியாயம். ப்ளூடூத் ஸ்பீக்கர் சும்மா இருந்தால் அணைந்த நிலைக்குப் போய், மறுபடி ஒலிக்கும்போது முதல் ஒன்றிரண்டு வினாடியை விழுங்கிவிடுகிறது. இப்போது வயர் போட்டுத்தான் இணைக்கிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 3 வினாடி தம்புரா. சுருதியும் காதில் நின்றுவிடும். மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களில் ஒன்றின் எண்ணைக் கேட்டால் எழுதிப் பார்க்கத் தாளும் 30 வினாடியும் தருகிறோம்: பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கும் கடபயாதி முறைப்படி மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, திருப்பிப் போட்டால் 15. 72இல் எதைக் கேட்டாலும் கடபயாதி தெரிந்தவருக்கு இந்த நேரம் போதும்.

பஸ்ஸர் பழுது பார்க்கப்பட்டது. முன்பு இரு அணிகள் அழுத்தினால் இரண்டு விளக்கும் எரியும். இப்போது முதலில் அழுத்தியவரின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மற்ற அணிகளின் பொத்தான்களுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். நடுவர் ரீசெட் செய்தால்தான் திரும்ப வரும்.

வருந்தத்தக்க செய்தி. பதிவேட்டில் 34 பேர். சந்தா முழுதும் கட்டியவர்கள் 19 பேர். வந்திருந்தவர்கள் 12க்குக் குறைந்த நாட்களில் மூவர் அணி நான்கு அமைக்க முடியாமல் இருவர் அணியாக ஆடினோம். இலக்கியம் அறிந்தவர் இருந்தால் இசை அறிந்தவர் இல்லை. சரிபார்த்துத் தருகிறேன் என்று அட்டைகளை வாங்கிச் சென்ற ஐவர் அவற்றைத் திருப்பித் தரவே இல்லை. பெயர்களை வாசிக்கவில்லை. அட்டைகளையாவது கொடுத்தனுப்புங்கள்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருந்தன. கூட வாடகை, டீ, பரிசுப் புத்தகம், பஸ்ஸர் சாமான் ஆகியவையே செலவு. சிறு பாக்கி உண்டு, ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன. தலைவருக்கும் பொருளாளருக்கும் கூடம் தந்தவர்களுக்கும் டீக்கடைக்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வடசென்னைச் சுற்று ஒன்று தனியாக வைக்க விரும்புகிறேன். ஏழுகிணற்றில் வாழ்ந்து கந்தகோட்டத்து முருகன்மேல் தெய்வமணிமாலை பாடிய வள்ளலார், மணலியில் தங்கிய முத்துசாமி தீட்சிதர், ஒற்றியூரில் சமாதியடைந்த பட்டினத்தார் என்று கேள்விக்குப் பஞ்சமில்லை. ஆனால் இதற்கு 60 அட்டைகளாவது வேண்டும், அத்தனையும் இரண்டாவது கண் பார்த்தவையாக. ஒருவர் எழுதி அவரே சரிபார்ப்பது முறையல்ல. உறுப்பினருக்கு மாதம் 5 அட்டை வந்தால் ஆடிக்குள் முடிந்துவிடும். வெற்று அட்டைகள் மேசைமேல் இருக்கின்றன. சந்தா ரசீதுப் புத்தகமும் அருகிலேயே இருக்கிறது.

செயலாளர்