இருபது பை வேண்டாம், ஆறு போதும்

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேரனுக்கு மொட்டை, காதுகுத்து என்று அலைந்ததில் உட்கார்ந்து எழுதவே முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ரிட்டயர் ஆன கையோடு மாடித் தோட்டம் போடப் போகிறேன், இருபது பை வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டி. ஆறு பை போதும். நான் முதல் வருஷமே முப்பது பை வாங்கி, சித்திரை வெயிலில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம்.

மண் கலவையில்தான் பாதி வேலை. செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை வாங்கி வந்தபடியே கலந்துவிடாதே, அதில் உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து, அந்தக் காப்பி நிறம் வெளுக்கிற வரைக்கும் இரண்டு மூன்று தடவை அலசு. இது தெரியாமல் என் தக்காளிச் செடிகள் இலை ஓரமெல்லாம் கருகி நின்றன; நான் வெயில்தான் காரணம் என்று இன்னும் ஊற்ற, வேரும் அழுகிப் போனது. அதிலிருந்து விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் குடத்தைத் தொடுவதே இல்லை. பைகளைச் செங்கல் மேல் வை, தளத்தில் ஓதம் இறங்கிக் கீழ் வீட்டோடு சண்டை வேண்டாம்.

ஆடி பிறக்க இன்னும் பத்து நாள்தான், அதற்குள் கலவையைப் போட்டு நீர் தெளித்து வைத்துவிடு. நாலு பையில் வெண்டை. இரண்டு செடி வைத்தால் இரண்டு காய் வரும், அதை வைத்து என்ன பொரியல் செய்வது? விதையை ராத்திரி ஊறவைத்து நேராகப் பையிலேயே ஊன்று. 45 நாளில் காய்க்கத் தொடங்கும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிப்போகும். ஐந்தாவதில் அரைக்கீரை, கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். கத்தரி, தக்காளிக்கெல்லாம் நாற்று விட்டு 25, 30 நாள் காத்திருந்து பிடுங்கி நட வேண்டும், தைப்பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறாவது பையில் பீர்க்கு போடு. எனக்குப் பூவாய்ப் பூத்தது, பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. கடைக்காரர் ஏதோ டானிக் பாட்டிலை முந்நூறு ரூபாய்க்குத் தலையில் கட்டினார், ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, பீர்க்கம் பூ சாயங்காலம்தான் விரிகிறது, எங்கள் மாடிக்கு அந்நேரம் ஒரு தேனீயும் வருவதில்லை. இப்போது விளக்கேற்றிவிட்டு மேலே போய், ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும் பெண் பூவில் நானே தடவிவிடுகிறேன். உன் அத்தான் சிரிக்கிறார். சிரிக்கட்டும், துவையல் அரைத்தால் முதல் ஆளாகத் தட்டோடு வருகிறவர் அவர்தான்.

வெண்டையில் மாவுப்பூச்சி வரும். எறும்பு ஊர்வதைப் பார்த்தாலே உஷாராகிவிடு. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கி இலைக்கு அடியிலும் படும்படி வெயில் தாழ்ந்ததும் அடி.

அம்மா வீட்டு நாட்டு வெண்டை விதை கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன், ஒட்டு ரகம் இல்லை, அடுத்த வருஷம் நீயே விதை எடுத்துக்கொள்ளலாம். கூரியரில் அனுப்புகிறேன். அதற்குள் உன் மாடியில் காலை பத்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று போட்டோ எடுத்து அனுப்பு, பையை எங்கே வைப்பது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
சாந்தி
மதுரை