போர்வையில் வழி எழுதியிருக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியவர்களையும் அவர்களுக்குத் துணை நின்றவர்களையும் பற்றிய சிறார் வரலாற்றுக் கதைகள் குறித்துத் தங்கள் சிறார் இலக்கியப் பக்கத்தில் வந்த கட்டுரை தொடர்பாக இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட கதைகள் தமிழில் வர வேண்டும் என்ற கட்டுரையாளரின் விருப்பமே என் விருப்பமும். ஆனால், ஒட்டுப்போர்வைகளில் தைத்த சங்கேதக் குறிகளைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள் என்பதை அவர் வரலாறாகவே சொல்லிவிட்டார். அது வரலாறு இல்லை.

போர்வைக் கதை பரவலானது 1999இல் வந்த ஒரு புத்தகத்தால். அடிமைமுறை இல்லாத வடக்கு நகரமான பிலடெல்பியாவுக்குத் தப்பி வந்தவர்களை நேரில் விசாரித்துக் குறிப்பெடுத்த வில்லியம் ஸ்டில்லின் பதிவுகளில் அப்படி ஒரு போர்வை கிடையாது. தப்பியவர்கள் தாங்களே எழுதிய வாழ்க்கை வரலாறுகளிலும் இல்லை. நடைமுறையாக யோசித்தாலும் நிற்காது. இரவில் நடப்பவருக்குக் கொடியில் காயும் போர்வையின் தையல் எப்படித் தெரியும்? பல நூறு மைல் பரப்பில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சங்கேதம், பிடிப்பவனுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் இருக்கும்? வடக்கைக் காட்டும் சப்தரிஷி மண்டலத்தைச் சுரைக்குடுவை என்று மறைபெயரிட்டு, அதைப் பின்தொடரச் சொல்லும் பாட்டும் இப்படித்தான். அது முதலில் அச்சேறியது 1928இல், அடிமைமுறை ஒழிந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு. கதையில் வைக்கலாம், ஆவணம்போல வைக்கக் கூடாது.

நான் இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. வழி போர்வையில் இருந்துவிட்டால், தப்பியவர் செய்ய வேண்டியது அதைப் பார்த்து நடப்பது மட்டும்தான். உண்மையில் கணக்குப் போட்டது, பொய்யான பயண அனுமதிச்சீட்டு தேடியது, ஆளை எடைபோட்டது எல்லாம் அவரேதான். அவருடைய மூளையைப் பிடுங்கிப் போர்வைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

துருவ நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது உண்மையிலேயே உதவியது. ஆனால் "வடமீனைப் பார்த்து நடந்தார்கள்" என்று ஒரே வரியில் எழுதிக் கடந்தால் நம் பிள்ளைக்கு ஒன்றும் பிடிபடாது. சென்னையில் அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 பாகைதான் உயரத்தில் இருக்கும். கையை நீட்டி முட்டி பிடித்தால் ஒரு முட்டி ஏறக்குறைய 10 பாகை. ஆக, நமக்கு ஒன்றேகால் முட்டி உயரம், கட்டடம் மறைத்துவிடும். அடிமைமுறை இருந்த மேரிலாந்து மாநிலத்தில் அதே நட்சத்திரம் கிட்டத்தட்ட நான்கு முட்டி உயரத்தில் நிற்கும். அதைக் காட்டிக்கொடுக்கும் சப்தரிஷி மண்டலமோ, டிசம்பர் முன்னிரவில் வடக்கே அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும். காட்டுக்குள் நிற்பவருக்கு மரங்கள் மறைக்கும். நள்ளிரவை நெருங்கும்போதுதான் வடகிழக்கில் ஏறி வரும். மேகம் மூடினால் அதுவும் இல்லை; ஆற்றையோ பாதையையோ ஒட்டிப் போக வேண்டும், இல்லையென்றால் பதுங்கியிருக்க வேண்டும். ஒரு முழு அத்தியாயத்துக்கான பதற்றம் இங்கே கிடக்கிறது.

மேரிலாந்திலிருந்து தானும் தப்பி, திரும்பத் திரும்பப் போய்ப் பிறரையும் அழைத்துவந்த ஹாரியட் டப்மன் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்ததும் கணக்குதான். மேரிலாந்தில் டிசம்பர் இரவு பதினான்கு மணி நேரத்துக்கு மேல் நீளும்; ஜூனில் ஒன்பதே மணி நேரம். சனிக்கிழமை இரவு கிளம்புவார்கள். ஞாயிறு வேலை இல்லை என்பதால் ஆள் இல்லாதது உடனே தெரியாது. திங்கள்கிழமைக்கு முன் பத்திரிகையில் விளம்பரமும் கொடுக்க முடியாது. கைக்குழந்தை அழாமலிருக்க அபினி கலந்த மருந்து கொடுத்தார்கள். இதைச் சிறார் நூலில் விட்டுவிடுபவர்களே அதிகம். விட வேண்டாம். அளவு கூடினால் குழந்தையின் மூச்சே நின்றுவிடும் என்பது அந்தத் தாய்க்குத் தெரியும், தெரிந்தே கொடுத்தாள் என்று எழுதுங்கள். பத்து வயதுப் பிள்ளை அதைத் தாங்கும்.

டப்மனைப் பற்றிய எண்களும் திருத்தப்பட வேண்டியவை. பத்தொன்பது பயணம், 300 பேர் என்பது 1869இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு கிளப்பிவிட்டது. இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பது ஏறக்குறைய 13 பயணங்கள், சுமார் 70 பேர். அவர் தலைக்கு 40,000 டாலர் விலை வைத்ததாகச் சொல்வதும் புனைவு. கிடைத்திருக்கும் 1849 விளம்பரம் அவரையும் இரண்டு சகோதரர்களையும் சேர்த்துத் தேடுகிறது: மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர், உள்ளே பிடித்தால் 50. சிறிய எண்ணால் அவர் சிறியவராகிவிடவில்லை. அந்த முதல் முயற்சியில் சகோதரர்கள் மனம் தளர்ந்து திரும்ப, அவரும் கூடவே திரும்பினார். பிறகுதான் தனியாகக் கிளம்பினார். சிறுமியாக இருந்தபோது வேறொருவரைக் குறிவைத்து எறிந்த எடைக்கல் மண்டையில் பட்டதால், நடுவழியில் திடீரென்று உறக்கத்தில் சரிந்துவிடுவார். கூட வந்தவர்கள் அவர் கண் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி ஒரு தலைவியை எந்தக் கற்பனையாலும் படைத்துவிட முடியாது. இருப்பதை மாற்றாமல் எழுதினாலே போதும்.

ஒளிவிடங்களுக்கு வருகிறேன். சுரங்கத்தைவிடப் பரண், தானியக் கொட்டகை, சோளக்கொல்லை ஆகியவையே பெரும்பாலும் உதவின. இண்டியானாவில் தப்பியவர்களுக்கு அடைக்கலம் தந்த லீவை காஃபின் குடும்பத்தின் வீட்டு மாடியில் கூரைச்சரிவுக்குள் போகும் ஒரு குட்டைக் கதவு உண்டு. கட்டிலை நகர்த்தி வைத்தால் கதவே தெரியாது. அதைவிடக் கூர்மையான ஏற்பாடு கிணறு. அவர்கள் கிணறு வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்கு இருபது பேருக்கான தண்ணீர் வெளியிலிருந்து போனால் அண்டை வீட்டார் கவனிக்காமல் இருப்பார்களா? தண்ணீர்க் குடத்தை எண்ணிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கும்.

அடிமையாக இருந்த ஹென்றி பிரவுன் தன்னையே பெட்டியில் அடைத்து ரிச்மண்டிலிருந்து பிலடெல்பியாவுக்குப் பார்சலாக அனுப்பிக்கொண்ட 1849ஆம் ஆண்டுச் சம்பவத்தைப் படக்கதைகள் விரும்புகின்றன. பெட்டியின் நீளம் 3 அடி. சுமார் 27 மணி நேரம். கையில் கொஞ்சம் தண்ணீரும் பிஸ்கட்டும். இந்தப் பக்கம் மேலே என்று எழுதியிருந்தும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள்; தலைக்கு ரத்தம் ஏறி நரம்புகள் புடைத்தன. படக்கதைகள் இதை நன்றாகவே வரைகின்றன. அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைத்தான் விட்டுவிடுகின்றன. முந்தைய ஆண்டு அவருடைய கர்ப்பிணி மனைவியையும் மூன்று குழந்தைகளையும் விற்றுவிட்டார்கள். கிளம்பும் நாளில் வேலைக்கு வராததற்குக் காரணம் காட்ட, விரலில் திராவகத்தை ஊற்றி எலும்பு தெரியும் அளவுக்குப் புண்ணாக்கிக்கொண்டார். அவரை அனுப்பிவைத்த சாமுவேல் ஸ்மித் அடுத்து வேறு சிலரை அதே வழியில் அனுப்பப் போய், பிடிபட்டுச் சிறைக்குப் போனார். ஒருமுறை பலித்த உபாயம் மறுமுறை ஏன் கெட்டது என்பதும் கதைதான்.

தப்பியோடியவர்களைப் பிடித்து உரிமையாளரிடம் ஒப்படைக்கச் சொன்ன 1850 சட்டத்தை விளக்காமல் எந்தக் கதையும் கனடாவரை போகக் கூடாது. தப்பியவருக்கு உதவினால் 1,000 டாலர்வரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. விசாரிக்கும் ஆணையர் அவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். இந்த ஒரு வரியைப் படித்ததும் பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள். இந்தச் சட்டத்துக்குப் பிறகு பிலடெல்பியாவும் பாதுகாப்பாக இல்லை. அதனால்தான் பயணம் நயாகராவைத் தாண்டிக் கனடாவரை நீண்டது.

மொழிபெயர்ப்பவர்களுக்கு மூன்று வேண்டுகோள். தப்பியவர்களுக்கு உதவிய ரகசிய வலையமைப்பின் பெயரான 'அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு' என்பதை 'சுரங்க ரயில்' என்று பெயர்க்காதீர்கள்; சென்னைப் பிள்ளைக்கு மெட்ரோதான் நினைவுக்கு வரும். 'தலைமறைவு ரயில்பாதை' என்றால் ரயில் என்ற உருவகமும் நிற்கும், ரகசியமும் நிற்கும். தப்பியவர்களை அழைத்துச் சென்ற 'கண்டக்டர்'களை 'நடத்துநர்' என்றால் டிக்கெட் கிழிப்பவர் வந்து நிற்பார். 'வழித்துணை' என்று போடலாம். மூன்றாவதுதான் முக்கியம். வெள்ளையர்கள் வயதான கறுப்பின மக்களை 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று அழைத்தது பாசத்தால் அல்ல. மிஸ்டர், மிசஸ் என்ற மரியாதையைத் தரக் கூடாது என்பதற்காக. அதை 'மாமா', 'அத்தை' என்று மாற்றினால் தமிழ்ப் பிள்ளை உறவு என்று நினைத்துக்கொள்ளும். அவமதிப்பு அன்பாக மாறிவிடும். வெறும் பெயரைச் சொல்லி, 'நீ', 'வா', 'போ' என்று ஒருமையில் பேசவிடுங்கள். முதியவரை இளைஞன் ஒருமையில் விளிப்பதன் பொருள் நம் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

புதிதாக எழுத நினைப்பவர்களுக்கு ஒரு களம் சொல்கிறேன். வில்லியம் ஸ்டில்லின் மேசை. வந்தவரின் பழைய பெயர், புதிய பெயர், விட்டுவந்த பெற்றோர், பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தார். அந்தத் தாள்கள் பிடிபட்டால் எல்லோருக்கும் ஆபத்து என்பதால் ஒளித்துவைத்து, அடிமைமுறை ஒழிந்த பின் 1872இல் நூலாக்கினார். அப்படி எழுதக் காரணம் இருந்தது. 1850இல் அலபாமாவிலிருந்து, தன் விலையைத் தானே அடைத்து விடுதலையான பீட்டர் என்பவர் அவரிடம் வந்து, சிறு வயதில் பிரிந்த தாய் தந்தையரைத் தேடுவதாகச் சொன்னார். அவர் சொன்ன பெற்றோர் பெயர்கள் ஸ்டில்லின் பெற்றோருடையவை. எதிரே உட்கார்ந்திருந்தவர், தான் பார்த்தே இராத சொந்த அண்ணன்.

இப்படிக்கு,
சிறார் நூல் வாசகர்,
தஞ்சாவூர்